அட்சரகணித வீட்டுவேலையும் வண்ணாத்திவில்லுப் பிள்ளைகளும்

இலங்கைப் பாடசாலைகளில் எண்ணின் இடத்தில் எழுத்து வந்து நிற்கும் கணக்கு 6ஆம் தரத்திலேயே தலைகாட்டுகிறது. 7ஆம், 8ஆம் தரங்களில் கோவைகளும் எளிய சமன்பாடுகளும் வருகின்றன. அதன்பின் காரணிகள், ஒருங்கமை சமன்பாடுகள் என்று ஏறி, 10ஆம், 11ஆம் தரங்களில் இருபடிச் சமன்பாடு, வர்க்கப்பூர்த்தி, சமனிலி, தாயம் வரை அது போகிறது. வரலாற்றுப் பாடத்தில் ஓர் அலகைத் தவறவிட்ட பிள்ளை அடுத்த அலகைப் படித்துவிடலாம். அட்சரகணிதத்தில் அதற்கு வழியில்லை. கீழ் வகுப்பில் அடைப்பு நீக்கத் தெரியாமல் போன பிள்ளைக்கு 10ஆம் தரத்தில் காரணிப்படுத்தல் புரியாது. பிள்ளையோ தனக்குக் கணிதமே வராது என்று முடிவு கட்டிவிடுகிறது.

க.பொ.த. சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் இரண்டு வினாத்தாள்கள். முதலாவதற்கு 2 மணித்தியாலம்: 25 சிறு வினாக்களுக்கு 50 புள்ளி, 5 கட்டமைப்பு வினாக்களுக்கு 50 புள்ளி. இரண்டாவதற்கு 3 மணித்தியாலம்: 12 வினாக்களில் 10க்கு விடை எழுத வேண்டும். அட்சரகணிதம் தனக்குரிய வினாக்களோடு நிற்பதில்லை. வரைபிலும், கேத்திரகணிதத்திலும், வட்டிக் கணக்கிலும் புகுந்து வருகிறது. 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி. உயர்தர வகுப்புக்குப் போகப் பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும், அவற்றில் 3 பாடங்களில் திறமைச் சித்தியும் கேட்கப்படுகின்றன. ஒரு பிள்ளையின் படிப்பு 16 வயதில் நின்றுவிடுமா, தொடருமா என்பதில் இந்த ஒரு பாடத்துக்கு இவ்வளவு பெரிய கை இருக்கிறது.

பாடசாலையில் ஒரு பாடவேளை ஒரு மணித்தியாலம்கூட இல்லை. பழைய வீட்டுவேலையைப் பார்த்து, புதிய விதியைச் சொல்லி, கரும்பலகையில் இரண்டு மூன்று உதாரணங்களைச் செய்துகாட்ட அது சரியாக இருக்கும். பயிற்சியில் மீதமுள்ளவை வீட்டுக்குப் போகின்றன. பிள்ளை தானே பேனாவைப் பிடித்துக் கணக்கோடு மல்லுக்கட்டுவது அங்கேதான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஆசிரியர் இல்லை. வேறு யார் இருக்கிறார் என்பது பிள்ளை எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வண்ணாத்திவில்லுப் பிரதேச செயலகப் பிரிவு புத்தளம் மாவட்டத்தின் வட அந்தத்தில் இருக்கிறது. மேற்கே களப்பும் கடலும், ஒரு புறம் வில்பத்துக் காடும் கலா ஓயாவும். தென்னை, கஜு, மீன்பிடி, இறால் வளர்ப்பு, கூலி வேலை என்று பிழைப்பு. எலுவன்குளம், கரைத்தீவு, சேராக்குளி போன்ற ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டத்தில் கிடக்கின்றன. தமிழ் மொழிமூலப் பிள்ளைகள் நம்பியிருக்கும் பிரத்தியேக வகுப்புகள் பெரும்பாலும் புத்தளம் நகரில். வகுப்பு முடிந்து பஸ் பிடித்துத் திரும்ப இருட்டிவிடும். பெண்பிள்ளையை அந்த நேரத்தில் தனியே அனுப்ப வீட்டார் தயங்குவார்கள். வகுப்புக் கட்டணத்துக்கு மேலே பஸ் செலவு வேறு. மாரியில் கலா ஓயா பெருகி எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தை மூடிவிட்டால் அந்தப் பக்கத்துப் போக்குவரத்தே நின்றுவிடுகிறது.

வீட்டுக்குள் உதவி கிடைப்பதிலும் இந்தக் கரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று 8ஆம், 9ஆம் தரத்தில் இருந்த பிள்ளைகள் பலருக்கு முகாம் கொட்டிலோடு படிப்பு முடிந்தது. அவர்கள் இன்று வாப்பாவாகவும் உம்மாவாகவும், சிலர் மூத்தப்பாவாகவும் இருக்கிறார்கள். முன்பிருந்தே இங்கு வாழும் குடும்பங்களிலும், கடலுக்கும் தோட்டத்துக்கும் போகச் சிறுவயதிலேயே பாடசாலையை விட்டவர்கள் ஏராளம். பிள்ளையின் கணிதக் கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கும் பெற்றாரை அக்கறையற்றவர் என்று சொல்வது பெரிய அநியாயம். அவர்கள் கையில் அந்தப் பாடம் ஒருபோதும் கொடுக்கப்படவில்லை. வீட்டில் சாதாரண தரம் முடித்த ஒரு நானாவோ தாத்தாவோ, தமிழர் வீட்டில் ஓர் அண்ணனோ அக்காவோ இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம்.

அந்த நானாவும் தாத்தாவும் எப்படி உதவுகிறார்கள் என்பது அடுத்த சங்கதி. நேரமில்லாத மூத்த பிள்ளை கணக்கைத் தானே செய்து கொடுத்துவிடும். இளையது அதைப் பார்த்தெழுதும். மறுநாள் கொப்பியில் சரி விழும். தவணைப் பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வரும்போது பிள்ளை வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை எழுதிய வரிகளில் கடைசியாகச் சரியாக இருந்த வரி எது என்று கண்டுபிடிப்பதே அட்சரகணித வீட்டுவேலையில் உதவுவோரின் முதல் வேலை. அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில்தான் பிள்ளையின் விளக்கம் அறுந்திருக்கிறது.

அது அறுந்துபோகும் இடங்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவது சமன் குறி. 8 + 4 என்று எழுதி, சமன் குறி போட்டு, அதற்கப்பால் ஒரு வெற்றுப் பெட்டியும் + 5உம் எழுதிப் பெட்டிக்குள் என்ன வரும் என்று கேட்டால், பல பிள்ளைகள் 12 என்கிறார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்கிறார்கள். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரில் ஒருவர்கூடச் சரியான விடையாகிய 7ஐச் சொல்லவில்லை. ஆரம்ப வகுப்புகளில் சமன் குறிக்குப் பின் எப்போதும் விடைதான் வருவதால், ‘இனி விடையை எழுது’ என்ற கட்டளையாகவே அது பிள்ளை மனதில் பதிந்துவிடுகிறது. இரு பக்கமும் ஒரே பெறுமதி என்ற பொருள் பதியாத பிள்ளைக்கு எந்தச் சமன்பாடும் பொருள் தராது.

இரண்டாவது, பெரியவர்கள் கைமாற்றிக் கொடுக்கும் ஒரு குறுக்குவழி: அந்தப் பக்கம் போனால் குறி மாறும். ப + 5 = 12 என்றால் +5 அந்தப் பக்கம் போய் −5 ஆகும்; ப = 7. விடை சரி. பிறகு 3ப = 12 வருகிறது. பிள்ளை விதியை மறக்கவில்லை. 3ஐ அந்தப் பக்கம் அனுப்பிக் குறியை மாற்றுகிறது. ப = 12 − 3 = 9. இன்னொரு பிள்ளை −3ஆல் வகுத்து −4 என்கிறது. இரண்டு பிள்ளையும் கவனக்குறைவானவர்களல்லர். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறார்கள். மீன்கடைத் தராசில் இரு தட்டும் நேராக நிற்கும்போது ஒரு தட்டிலிருந்து எடுத்ததை மற்றத் தட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒன்றை மூன்றிலொன்றாகக் குறைத்தால் மற்றதையும் அவ்வாறே குறைக்க வேண்டும். இதைச் சொல்லிப் பழக்கினால் அந்த விதியே தேவைப்படாது. தொடக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் ‘இரு பக்கமும் 5ஐக் கழிக்க’, ‘இரு பக்கமும் 3ஆல் வகுக்க’ என்று பிள்ளை ஓரத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அது நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும்; உண்மையில் இரண்டு வருட நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மூன்றாவது அடைப்பு. பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் வயதுக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தந்தையின் வயது இப்போது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 6 வருடத்தின் பின் 3 மடங்காகும். மகனின் வயது என்ன? மகனின் வயது ப என்றால் தந்தையின் வயது 4ப. 6 வருடத்தின் பின் மகன் ப + 6, தந்தை 4ப + 6. ஆகவே 4ப + 6 = 3(ப + 6). இங்கே ஏராளமான பிள்ளைகள் 3ஐ ப உடன் மட்டும் பெருக்கி, வலப்பக்கத்தை 3ப + 6 என்று எழுதுகிறார்கள். அப்போது 4ப + 6 = 3ப + 6; ப = 0. மகனுக்கும் வயது 0, தந்தைக்கும் வயது 0. விடையே தன் பிழையைக் கத்திச் சொல்கிறது. ஆனால் அதைக் கேட்கப் பிள்ளையை யாரும் பழக்கவில்லை; ‘ப = 0’ என்று கீழே இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அட்சரகணிதமே தெரியாத ஓர் உம்மாவால்கூட இந்த இடத்தில் உதவ முடியும். விடையை வாசிக்கச் சொல்லி, கேள்வியையும் மீண்டும் வாசிக்கச் சொன்னால் போதும். பிழையான வரியைப் பிள்ளையே தேடிப் போகும்; 3(ப + 6) என்பது 3ப + 18 என்று திருத்திக்கொண்டால் ப = 12. தந்தைக்கு 48. 6 வருடத்தின் பின் 18உம் 54உம். சரியாக 3 மடங்கு.

விடையைக் கேள்விக்குள் திரும்பப் போட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம் அட்சரகணிதத்துக்கே உரிய ஒரு சலுகை. ஒரு சமன்பாட்டைத் தீர்த்த பிள்ளை தன் விடை சரியா என்று எவரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆசிரியர் எட்டத்தில் இருக்கும் ஊர்களில் இந்தச் சலுகையின் பெறுமதி மிகப் பெரிது. (ப + 5)² என்பதை ப² + 25 என்று எழுதும் பிள்ளையிடமும் இதே முறை செல்லும். ப இன் இடத்தில் 1ஐப் போடச் சொன்னால் ஒரு பக்கம் 36, மறு பக்கம் 26. விதியைப் பத்துத் தடவை திருப்பிச் சொல்வதைவிட இந்த ஒரு பிரதியிடல் பிள்ளையை நன்றாக நிறுத்தி யோசிக்க வைக்கும்.

நான்காவது இடம் சொற்கணக்கைச் சமன்பாடாக்குவது. ஒரு பேராசிரியருக்கு 6 மாணவர் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால், மாணவர் தொகை ம, பேராசிரியர் தொகை ப என்று வைத்துக்கொண்டு 6ம = ப என்று எழுதுபவர்கள் உண்டு. 6ப = ம என்பதே சரி. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடம் இதைக் கேட்டபோது, பொறியியல் படிக்க வந்தவர்களிலேயே மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் தவறினார்கள். எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது, ஆளையோ பொருளையோ குறிக்கவில்லை என்பது பல்கலைக்கழகம் வரை போனவர்களுக்கே வழுகும் இடம். 13 வயதுப் பிள்ளை அதில் தடுமாறுவதைக் கண்டு கோபப்பட ஒரு காரணமும் இல்லை. ‘ப என்றால் தேங்காய்’ என்று எழுதியிருக்கும் கொப்பியில் ‘ப என்றால் தேங்காய்களின் எண்ணிக்கை’ என்று திருத்தச் சொல்வது சின்ன வேலை, பலன் பெரிது.

புத்தளக் கரையில் அட்சரகணிதத்தை ஊரின் நடப்போடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க மிகப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூல்தான் இந்தப் பாடத்துக்குத் தனி வடிவம் கொடுத்தது. அந்த நூலின் ஏறக்குறையப் பாதி மரணித்தவரின் சொத்தைப் பங்கிடும் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமை 1931ஆம் ஆண்டு முதல் தனிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மார்க்க விதிப்படி பங்கிடப்பட்டு வருகிறது. ஒருவர் மனைவியையும் 2 மகன்மாரையும் 3 மகள்மாரையும் விட்டு மரணிக்கிறார், பெற்றார் உயிரோடில்லை, கடனெல்லாம் தீர்ந்தபின் 8 ஏக்கர் தென்னந்தோட்டம் எஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டிலொன்று, அதாவது 1 ஏக்கர். மிச்சம் 7 ஏக்கர். மகனுக்கு மகளின் பங்கைப் போல் இரு மடங்கு. மகளின் பங்கு ப ஏக்கர் என்றால் மகனுடையது 2ப. 2 மகன்மாருக்கு 4ப, 3 மகள்மாருக்கு 3ப; 7ப = 7. மகளுக்கு 1 ஏக்கர், மகனுக்கு 2 ஏக்கர். கூட்டிப் பார்த்தால் 1 + 4 + 3 = 8. ஊரில் காணிப் பங்கீட்டில் அனுபவமுள்ள மூத்தவர்கள் இதை எழுத்தே இல்லாமல் மனக்கணக்காகச் செய்துவிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து அந்தக் கணக்கைச் சமன்பாடாக எழுதிப் பார்க்கும் பிள்ளைக்கு, ப எதற்காக வந்தது என்பது விளங்கிவிடும்.

அதே நூலில் உள்ள இன்னொரு கணக்கு 11ஆம் தரத்து வர்க்கப்பூர்த்திக்கு நேரே உதவும்: ப² + 10ப = 39. பக்கம் ப உள்ள ஒரு சதுரத்தை வரைந்து, அதன் இரண்டு பக்கங்களில் 5 அகலமுள்ள இரண்டு செவ்வகங்களை ஒட்டினால் மொத்தப் பரப்பு 39. மூலையில் 5க்கு 5 ஆக ஒரு சதுர இடம் காலியாக நிற்கிறது. அந்த 25ஐயும் நிரப்பினால் முழுப் பரப்பு 64; பெரிய சதுரத்தின் பக்கம் 8; ஆகவே ப + 5 = 8, ப = 3. ப இன் குணகத்தில் பாதியை எடுத்து வர்க்கித்து இரு பக்கமும் கூட்டவேண்டும் என்று மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு, எதற்குப் பாதி, எதற்கு வர்க்கம் என்று இந்த ஒரு படம் சொல்லிவிடுகிறது. −13 என்ற மற்ற மூலத்தைப் படம் காட்டாது. அதை ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்லவேண்டும்.

உதவுவதில் எவ்வளவு செய்துகாட்டலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்ற கேள்விக்கும் ஓரளவு தெளிவான விடை உண்டு. அவுஸ்திரேலியாவில் ஜோன் சுவெலரும் கிரகாம் கூப்பரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அட்சரகணிதம் கற்கும் மாணவரைப் பற்றியதே. செய்து முடித்த கணக்குகளை வரிவரியாகப் படித்துவிட்டு அதே வகைக் கணக்கைச் செய்தவர்கள், தொடக்கத்திலிருந்தே தனியே முட்டிமோதியவர்களைவிடக் குறைந்த நேரத்தில், குறைந்த பிழைகளோடு அவ்வகைக் கணக்குகளைச் செய்தார்கள். புதிய பாடத்தில் முழுதாகத் தனியே விட்டுவிடுவதும், வீட்டுவேலைக் கணக்கையே செய்து கொடுப்பதும் இரண்டும் பிழையான முனைகள். அதே வகையில் வேறொரு கணக்கை உதவுபவர் முழுதாகச் செய்துகாட்டி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்டு, பிறகு வீட்டுவேலைக் கணக்கைப் பிள்ளையிடம் விட்டுவிடுவதே தக்க வழி. பாடப்புத்தகத்தில் பயிற்சிக்கு முன் வரும் உதாரணங்கள் இதற்காகவே இருக்கின்றன. 1980 முதல் இலவசமாகக் கையில் வந்து சேரும் அந்தப் புத்தகத்தின் உதாரணங்களைத் தாண்டி நேரே பயிற்சிக்குப் பாயும் பழக்கம் பிள்ளைகளிடம் பரவலாக இருக்கிறது.

மேல் வகுப்பினருக்கு இன்னொரு நல்ல துணை பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள். வினாவுக்கு வினா புள்ளி வழங்கும் திட்டமும், பரீட்சார்த்திகள் எங்கே தவறினார்கள் என்ற அவதானிப்பும் அவற்றில் இருக்கின்றன. எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று ஒருமுறை பார்த்த பிள்ளை வரிகளைத் தாவி எழுதாது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்திலும் பழைய வினாத்தாள்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இவை பிரத்தியேக வகுப்புகளில் பிரதியெடுத்துக் கொடுக்கப்படும் அளவுக்குக் கிராமத்துப் பாடசாலைகளின் அலுமாரிகளில் இருப்பதில்லை. அச்சிட்டு வைப்பதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

கைத்தொலைபேசி இப்போது இந்த இடத்துக்குள் வேகமாக வந்துவிட்டது. கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாகத் தீர்த்துக் காட்டும் செயலிகள் பத்து வருடங்களுக்கு மேலாக உண்டு. 2022 நவம்பரில் செட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வந்தபின் கேள்வியைத் தமிழிலேயே கேட்கலாம் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளும் ஏராளம். ஆனால் அங்கே இயற்கணிதம், அணி என்பவை இங்கே அட்சரகணிதம், தாயம் என்பதால், தேடும் பிள்ளைக்கு இரண்டு பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு குறித்துத் துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடந்த ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. கருவியைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தியோர் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தபோது, அது ஒருபோதும் கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்குமாறு அமைத்த கருவியைப் பயன்படுத்தியோருக்கு அந்தச் சரிவு பெருமளவு ஏற்படவில்லை. கொப்பியை எழுதிக் கொடுக்கும் மூத்த பிள்ளையின் கதையேதான் இது. தொலைபேசி உள்ள வீட்டில் பிள்ளை கேட்கவேண்டியது ‘இதற்கு விடை என்ன’ என்பதற்குப் பதிலாக, ‘நான் எழுதியதில் எந்த வரி பிழை, விடையைச் சொல்லாதே’ என்பதாக இருக்கட்டும். ஒரே தொலைபேசியும் வாப்பாவோடு கடலுக்கோ வேலைக்கோ போய்விடும் வீடுகளில் இந்த யோசனைக்கும் இடமில்லை.

ஆதலால் வண்ணாத்திவில்லு போன்ற பிரதேசத்தில் மனிதர்களைக் கொண்டுதான் இந்த உதவியைக் கட்டியெழுப்ப வேண்டும். அது முடியாத காரியமும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஒக்டோபரில் மரக்காணம் பகுதியில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம், கொவிட் காலத்து இழப்பை ஈடுசெய்ய 1 முதல் 8 வரையான வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகை. பிள்ளைகள் பஸ் ஏறத் தேவையில்லை, தெருவிலேயே வகுப்பு. இலங்கையின் கிராமங்களில் அதே வேலைக்கு ஆட்கள் வருடந்தோறும் தானாகவே கிடைக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகப் பல மாதங்கள் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். பரீட்சைக்காகப் படித்த அட்சரகணிதம் அந்தக் காலத்தில் அவர்கள் மனதில் சூடாகவே இருக்கும். 7ஆம், 8ஆம் தரத்துக் கொப்பியைப் பார்த்துக் கடைசியாகச் சரியாக இருந்த வரியைக் காட்ட அது தாராளமாகப் போதும். இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் அவர்களுடைய அடிப்படையும் இறுகும்.

இதற்கு வேண்டியவை சில. மஃரிபுக்கு முன் முடிந்துவிடும்படி, குர்ஆன் மத்ரசா நேரத்தோடு மோதாத ஒரு மணித்தியாலம், வாரத்தில் மூன்று நாள். பெண்பிள்ளைகள் நடந்து போய்வரக்கூடிய தூரத்தில் பாடசாலை வகுப்பறை ஒன்றோ, பள்ளிவாசல் மண்டபமோ, தேவாலய மண்டபமோ. உதவுவோருக்கு வாரம் ஒருமுறை பாடசாலைக் கணித ஆசிரியரின் வழிகாட்டல். அந்த வாரம் பிள்ளைகள் எந்த வரியில் அதிகமாகத் தடுக்கினார்கள் என்பதை அவர்கள் ஆசிரியரிடம் திருப்பிச் சொல்வது. வகுப்பில் அடுத்த பாடவேளையை எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கு அதனால் தெரியும். உதவுவோருக்குச் சிறு கொடுப்பனவு. இதை வலயக் கல்விப் பணிமனையும் பிரதேச சபையும் பழைய மாணவர் சங்கங்களும் சேர்ந்தால் செய்துவிடலாம். மாரி வெள்ளத்தில் பாதை அடைபட்டாலும் ஊருக்குள் இருக்கும் வகுப்பு நிற்காது.

பாடசாலைகளில் மேலதிக வகுப்பு என்றால் 11ஆம் தரத்துக்கு, அதுவும் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் என்பதுதான் வழமை. அப்போது அது பெரும்பாலும் பிந்திவிடுகிறது. நான்கு வருடம் முன்பு அறுந்ததை நான்கு மாதத்தில் முடிச்சுப் போடும் முயற்சி அது. இந்த ஒரு மணித்தியாலத்தை எந்த வகுப்புக்கு முதலில் கொடுப்பது என்று தெரிவு செய்ய நேர்ந்தால் 7ஆம் தரத்துக்கே கொடுக்க வேண்டும். எளிய சமன்பாடு தொடங்கும் தவணையில், சமன் குறியிலிருந்து.